ரேணுகாம்பாள் வீட்டு நீர்மட்டம்

கிராம நிர்வாக அலுவலர் பரந்தாமன் சித்தேரி நகர் இரண்டாவது தெருவுக்குப் படகில் வந்தார்.

தெருவில் தண்ணீர் இல்லை. சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. தலையாரி பின்னால் உட்கார்ந்து துடுப்பு போட்டார். படகு சீராக வந்தது. வேகத்தடையில் மட்டும் லேசாக ஆடியது.

ரேணுகாம்பாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். படகு நேராகத் தன் வீட்டுக்கே வருவதைப் பார்த்ததும் நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். தலையாரி கயிற்றை கேட்டில் கட்டினார்.

"ரேணுகாம்பாள்னா நீங்கதானாம்மா?" என்று கேட்டார் பரந்தாமன்.

"நான்தான் சார். உள்ள வாங்க."

"எறங்க முடியாதும்மா. எனக்கு நீச்சல் தெரியாது."

ரேணுகா கீழே பார்த்தாள். படகுக்குப் பக்கத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"நீங்க எவ்வளவு நாளா தண்ணிக்குள்ள இருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்கதான் சார்."

"மூச்சு முட்டலையா?"

"மொதல்ல முட்டுச்சு. அப்ப மாமியார் இருந்தாங்க."

பரந்தாமன் அதைக் குறித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சித்தேரி நகர் என்பது அரசாங்கத்தின் கணக்கில் நகர் இல்லை, ஏரி. மனை போட்டு விற்றவன் அப்போதே அதை மறைக்கவில்லை. காற்று குளுகுளுவென்று வரும் என்றுதான் சொன்னான். வாங்கியவர்களைத் திட்டுவது சுலபம். அந்த ஏரியின் தண்ணீர் பாய்ந்த வயல்களில் பஸ் ஸ்டாண்டு கட்டியவர்களை இதுவரை யாரும் திட்டவில்லை. அரசாங்கம் சித்தேரி நகரில் வீட்டு வரி வாங்கியது, கரண்டு கொடுத்தது, ரேஷன் அட்டை கொடுத்தது, தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டும் வாங்கிக்கொண்டது. பட்டா மட்டும் கொடுக்கவில்லை. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனு போட்டபோது, ஏரிக்குள் இருந்துகொண்டு தண்ணீர் கேட்கிறார்களே என்று அதிகாரிகள் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள்.

"இப்ப ஏரி மேம்பாட்டுத் திட்டம் வந்திருக்கும்மா" என்றார் பரந்தாமன். "வெளிநாட்டு பேங்க்குல கடன் குடுத்திருக்கான். படகுக் குழாம், நடைபாதை, சிமென்ட்டுல ஒரு கொக்கு, எல்லாம் வருது. அதுக்கு முன்னாடி தூர் வாரணும்."

"வாருங்க சார். நல்லதுதானே."

"உங்க வீடு வண்டல் லிஸ்ட்ல இருக்கு."

"வண்டலா? இது வீடு சார்!"

"தண்ணிக்கு அடியில படிஞ்சிருந்தா வண்டல்தாம்மா. அள்ளிட்டுப் போக ஆனி மாசம் டிராக்டர் வரும். விவசாயிங்களுக்கு இலவசம். அடுப்படிய ஒருத்தர் ஏற்கெனவே கேட்டிருக்காரு. நல்ல உரமாமே."

ரேணுகா திரும்பி வீட்டைப் பார்த்தாள். அந்த ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவள் தைத்த ரவிக்கையில்தான் மணவறையில் உட்கார்ந்தார்கள். அந்த ரவிக்கைகளில் எழும்பிய வீடு அது. முதலில் ஓர் அறை, பிறகு கூடம், கடைசியில் போன வருஷம்தான் அடுப்படி. அதுவரை தகரத்துக்குக் கீழே குனிந்து சமைத்தவள், கருங்கல் மேடை போட்ட பிறகுதான் நிமிர்ந்து நின்று சமைத்தாள். அதை யாரோ கத்தரிக்காய்க்கு உரமாக அள்ளிக்கொண்டு போவதாவது.

பரந்தாமன் கிளம்புவதற்கு முன் எதிர்வீட்டு வேதநாயகத்தைப் பார்த்தார். வேதநாயகம் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று முதல், யாராவது தன்னை எதற்காவது கூப்பிடுவார்கள் என்று கேட்டருகே விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். ஏரிக்கு ஓர் அளவுக்கல் தேவைப்பட்டது. பரந்தாமன் அவரையே நியமித்தார்.

"தற்காலிகமா, நிரந்தரமா?" என்று மட்டும் கேட்டார் வேதநாயகம்.

தலையாரி அவருக்கு வெள்ளை அடித்து, பாதத்திலிருந்து தலைவரை கறுப்புக் கோடு போட்டு எண் எழுதினார். அன்று மாலையே வேதநாயகத்துக்குக் கை கால் மடங்கவில்லை. முகத்தில் மட்டும் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. அவர் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி மோர் ஊற்றினாள்.

"என்னா அண்ணே, தண்ணி எவ்வளவு?" என்று கேட்டாள் ரேணுகா.

"கழுத்துக்கு மேல ஒரு வெரக்கடை" என்றார் வேதநாயகம், எதிரே பார்த்தபடி.

மறுநாளிலிருந்து துணி காயவில்லை. கொடியில் போட்ட சேலை நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. தீக்குச்சி பற்றவில்லை. தையல் மெஷினில் வைத்த ரவிக்கை மெல்ல எழும்பி மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. குடிதண்ணீர் மட்டும் இல்லை. அதற்கு எப்போதும்போல லாரிதான் வந்தது. லாரிக்காரன் தெருமுனையிலேயே நின்று, ஆழம் தெரியாமல் இறங்கமாட்டேன் என்றான்.

"இன்னா ரேணு பண்றது?" என்றான் அவள் கணவன் தணிகாசலம். குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருவான்.

"தாசில்தாரைப் பாத்து பட்டா கேக்கப் போறேன்" என்றாள் ரேணுகா.

தாலுகா அலுவலகத்தின் வராந்தா நீளமானது. ஆள் நடக்க நடக்க அது இன்னும் கொஞ்சம் நீளும். பாதி வழியில் ஒரு டீக்கடை இருந்தது. அதைத் தாண்டினால் வயதானவர்களுக்கு ஷேர் ஆட்டோ உண்டு. விதவைச் சான்றிதழுக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணும், ஜாதிச் சான்றிதழுக்குப் புறப்பட்ட ஒரு ஆணும் வழியில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். ரேணுகா அவர்களைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை அவள் தைக்கவில்லை. தோளில் சுருக்கம் விழுந்திருந்தது.

தாசில்தார் குலோத்துங்கன் ஏசி அறையில் இருந்தார். மரியாதையானவர். உட்காரச் சொன்னார். நாற்காலிதான் இல்லை.

"தண்ணிக்குள்ள இருக்கற வீட்டுக்கு எப்படிம்மா பட்டா குடுக்கறது? சர்வேயர் சங்கிலி போட்டா மெதக்குமே."

"தண்ணியே இல்ல சார் அங்க."

"கழுத்துக்கு மேல ஒரு வெரக்கடைன்னு உங்க எதிர்வீட்டுக்காரரே தெனம் ரிப்போர்ட் அனுப்பறாரு. தண்ணி வத்தட்டும். வத்துன அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

"எப்ப சார் வத்தும்?"

"மதகைத் தொறந்தா வத்தும்."

"தொறங்க சார்."

"நானா தொறக்க முடியாதும்மா. ஏரித் தண்ணி பாயற நெலத்துல பயிர் வெச்சிருக்கற விவசாயி வந்து கேக்கணும். அவங்க கேட்டா தொறந்துதான் ஆகணும். மாட்டேன்னு சொல்ல கலெக்டருக்கே அதிகாரம் இல்ல. அது அவங்க உரிமை."

"அந்த நெலம் எங்க சார் இருக்குது?"

தாசில்தார் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைக் காட்டினார். கல்யாண மண்டபத்தைக் காட்டினார். கடைசியாகத் தன் காலுக்குக் கீழே காட்டினார். "இதெல்லாந்தான்."

"விவசாயி?"

"யாரும் இல்ல" என்றார் தாசில்தார். முடிந்துபோன ஃபைலைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு வரும் நிம்மதி அவர் குரலில் இருந்தது.

ரேணுகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் சுவரோரம் மண்ணை நன்றாகச் சேறாக்கி வைத்திருந்தது.

சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று நடுகிற சமயம் அது. ரேணுகா பக்கத்து ஊருக்குப் போய், நட்டது போக மீந்து கிடந்த நாற்றில் ஒரு பிடி கேட்டு வாங்கினாள். தாலுகா அலுவலகத்துக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏசி சொட்டும் இடத்தில் நட்டாள். வாட்ச்மேன் வந்து என்ன வேலை இது என்று கேட்டான். விவசாயம் என்றாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிற்கிற பயிர் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் அதை அடங்கல் என்கிற பயிர்க்கணக்கில் ஏற்றாமல் விட முடியாது. யார் நிலம், யார் நட்டது என்பதெல்லாம் அப்புறம். பயிர் இருக்கிறதா, எழுது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், கை தானாக எழுதிவிடும்.

பரந்தாமனுக்கும் இது தெரியும். அதனால் ஏசி இருந்த பக்கம் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார்.

"சார், கண்ணைத் தொறங்க" என்றாள் ரேணுகா.

"வேணாம்மா. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

"பச்சப் பசேல்னு இருக்குது சார். ஒரே ஒரு தடவ பாருங்க."

பரந்தாமன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆசை யாரை விட்டது, ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கை எழுதிவிட்டது. பயிர்: நெல். பரப்பு: ஒரு தாம்பாளம். சாகுபடியாளர்: ரேணுகாம்பாள்.

"இப்ப தண்ணி வேணும் சார்" என்றாள் சாகுபடியாளர்.

சித்தேரியின் மதகு ஒரு ஜூஸ் கடைக்குள் இருந்தது. மதகைத் திறக்கும் திருகு மிக்ஸிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதில் வாழைத்தார் தொங்கவிட்டிருந்தார். தலையாரி தாரை இறக்கி வைத்துவிட்டுத் திருகைச் சுற்றினார்.

எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் நல்ல வேகத்தில் வந்தது. ஜூஸ் கடைக்காரர் ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் பெண்கள் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

சித்தேரி நகரில் வேதநாயகம் உரக்கச் சொல்லத் தொடங்கினார்.

"மாரு!"

ரேணுகா வீட்டுக் கூடத்தில் மிதந்துகொண்டிருந்த ரவிக்கைகள் கீழே இறங்கின.

"இடுப்பு!"

தீக்குச்சி பற்றியது.

"மொழங்கா! கணுக்கா!"

கொடியில் கிடந்த சேலை மொடமொடவென்று காய்ந்தது. தெருவே கைதட்டியது. வேதநாயகம் மட்டும் கைதட்டவில்லை. "அவ்ளோதான். என் வேலை போச்சு" என்றார். வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி, சரியாக ஐந்தடிக் கோட்டில் நின்றது.

மேற்பார்வையிட வந்திருந்த பரந்தாமனின் படகு ரேணுகா வீட்டு வாசலில் தரை தட்டியது. தலையாரி மதகிலிருந்து திரும்பி வந்து துடுப்பால் தள்ளிப் பார்த்தார். தார் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"எறங்கி நடங்க சார்" என்றாள் ரேணுகா.

"படகுல போகணும்னுதாம்மா உத்தரவு. நடக்கறதுக்குத் தனியா உத்தரவு வாங்கணும்."

"யார்கிட்ட?"

"தாசில்தார்கிட்ட."

"எனக்கும் அவர்கிட்டதான் வேலை. ஏங்க, வண்டிய எடுங்க."

தணிகாசலம் வண்டியைப் பின்னால் எடுத்தான். படகை, அதில் உட்கார்ந்திருந்த பரந்தாமனோடு சேர்த்துத் தெருக்காரர்கள் தூக்கிக் குட்டியானையில் ஏற்றினார்கள். பரந்தாமன் வழி நெடுக, வணங்கியவர்களுக்கெல்லாம் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தாலுகா அலுவலகம் மூழ்கியிருந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது. எழுத்தர்கள் சுற்றுச்சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் வேப்பமரத்தில் இருந்தான். ஃபைல்கள் மொட்டை மாடியில் காய்ந்தன. ரேணுகாவின் நெல் ஒரே மதியத்தில் ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்து கதிர் தள்ளியிருந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளும் நேரம் இதுவல்ல என்று சும்மா இருந்தாள்.

படகைக் கேட்டுக்குள் இறக்கினார்கள். உடனே மிதந்தது. நடந்து போகும்போது நீண்ட வராந்தா, துடுப்பு போட்டதும் சுருங்கிவிட்டது. டீக்கடைக்காரர் மேஜைமேல் நின்று டாட்டா காட்டினார்.

தாசில்தார் குலோத்துங்கன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தன் மேஜையின் மேல் நின்றிருந்தார். ஷூ இரண்டும் கையில் இருந்தன.

"இது எந்தத் தண்ணிம்மா?"

"எங்க தண்ணி சார். கேட்டு வாங்குனது."

"படகைக் கிட்டக் கொண்டாங்க."

"பட்டா சார்."

"இந்த நேரத்துலயாம்மா?"

"வத்துன அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்னு நீங்கதான் சொன்னீங்க. வத்திடுச்சு. இவர கேளுங்க."

பரந்தாமன் எழுந்து நிற்க முயன்று, படகு ஆடியதால் உட்கார்ந்தபடியே சாட்சி சொன்னார். "படகு தரை தட்டிடுச்சு சார். அங்க இப்ப தண்ணி இல்ல."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். நியாயமான மனுஷர் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "நிலத்தோட வகைன்னு ஒரு கட்டம் இருக்கே. இனிமே ஏரின்னு போட முடியாது. என்னன்னு போடறது?"

பரந்தாமன் யோசித்தார். "மேடு சார். இந்தத் தாலுகாவுலயே இப்ப அதான் மேடு."

தாசில்தார் மேடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். ரேணுகா வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர் இருந்தது. தெரு இருந்தது. பட்டா இல்லாமல் கழிந்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அழாதம்மா, அழாத" என்று தலையாரி பதறினார். "மட்டம் ஏறிடும்."

அவள் மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள். தாசில்தார் படகில் ஏறினார்.

"எங்க சார் எறக்கி விடறது?"

"வெள்ளம் வந்தா மேட்டுக்குத்தாம்மா போகணும். மேடு எதுவோ அதான் நிவாரண முகாம். அதான் சட்டம்."

மேடு எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துகூட இன்னும் காயவில்லை.

பொழுது சாய்வதற்குள் குட்டியானை பல நடை போய் வந்துவிட்டது. தாலுகா அலுவலகம் முழுவதும் ரேணுகாம்பாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் தாசில்தார். படுக்கையறையில் பதிவறை. தையல் மெஷினை ஒரு எழுத்தர் மிதித்து மிதித்து வருமானச் சான்றிதழ் அடித்தார். ஓரம் அழகாக மடித்து வந்தது. மனு கொடுக்க வந்தவர்கள் கேட்டிலிருந்து தெருமுனைவரை வரிசையில் நின்றார்கள். தணிகாசலம் விவரம் தெரியாமல் அந்த வரிசையிலேயே கடைசியில் நின்றான். வேதநாயகத்துக்கு, மூழ்கிக் கிடந்த தாலுகா அலுவலகக் கட்டடத்துக்கே இடமாற்றம் கிடைத்தது. படிக்காசும் உண்டு. சிரித்த முகமாகப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"சார், அந்த தூர் வாரற வேலை?" என்று கேட்டாள் ரேணுகா.

"அது ஆபீசுக்கு மாத்தியாச்சும்மா. இனிமே அதான ஏரி. கொக்கும் அங்கதான் வைக்கறாங்க."

"நீங்கல்லாம் எப்ப சார் கெளம்புவீங்க?"

"தண்ணி வத்தணுமே."

"எப்ப வத்தும்?"

"அந்தப் பக்கம் மதகு இல்லம்மா" என்றார் தாசில்தார் கனிவாக.

ரேணுகா கூடத்தில் உட்கார இடம் தேடினாள். இல்லை. படுக்கையறைக் கதவைத் திறந்தாள். வருவாய் ஆய்வாளர் கட்டிலுக்கு அடியில் பழைய வரைபடங்களைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கையில் பட்டா இருந்தது. வீடு அவளுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளைத் தவிர எல்லோரும் அதில் இருந்தார்கள். அவள் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

அடுப்படியில் மட்டும் யாரும் இல்லை. அரசாங்கத்துக்கு அப்படியோர் அறை இருப்பதே தெரியவில்லை. கருங்கல் மேடை காலையில் துடைத்தபடியே இருந்தது. அவள் அதில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

வாட்ச்மேன் தலையை நீட்டினான். "அக்கா, ஆபீசுக்கு டீ."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். தலை போய்விட்டது. பிறகு தனக்கும் டீ வேண்டும்போல் இருந்ததால் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பாத்திரச் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"உள்ள யாரும்மா அது?" என்றார் தாசில்தார் அங்கிருந்தே.

"வீட்டுக்குச் சொந்தக்காரி சார்."

இதை அவள் இதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல நன்றாக இருந்தது.

"அப்ப சரி. எனக்கு மட்டும் சர்க்கரை வேணாம்."

ரேணுகா கரண்டியைக் கையில் எடுத்தாள். பால் பொங்கி வந்தது. தணித்தாள்.

"இந்த வீட்ல சர்க்கரை போட்டுத்தான் டீ" என்றாள் உரக்க.

தையல் மெஷின் நின்றது. பேனாக்கள் நின்றன. வெளியே வரிசையில்கூடப் பேச்சு நின்றது. கூடத்தில் யாரோ யாரிடமோ, அதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று கிசுகிசுத்தார்கள். பக்கங்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் பரந்தாமனின் குரல், "பட்டா அவங்க பேர்லதான் சார் இருக்குது" என்றது.

"சரிம்மா" என்றார் தாசில்தார். "போடுங்க."

ரேணுகா அவருடைய தம்ளரில் ஒரு கரண்டி போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கரண்டியும் போட்டாள்.